திருகோணமலையில் கடலோரம் குறைந்த செலவில் தங்கிப் பழைய இடங்களைப் பார்ப்பது எப்படி?

திருகோணமலைக்கு வருகிறவர்களில் பலர் விடியக் காலையில் வந்து கோணேசரைக் கும்பிடுகிறார்கள், கன்னியாவில் நான்கு வாளி சுடுநீர் அள்ளி ஊற்றுகிறார்கள், நிலாவெளியில் கால் நனைக்கிறார்கள், இருட்டுவதற்குள் வந்த வான் வண்டியில் ஏறிவிடுகிறார்கள். அந்த ஒரு நாள் ஓட்டத்துக்கு வானுக்குக் கொடுக்கும் காசில் மூன்று பேர் பஸ்ஸில் வந்து, கடலோரமாக இரண்டு இரவு தங்கி, ஆறுதலாகப் பார்த்துவிட்டுப் போகலாம். எப்படி என்று முதல் தடவை வருபவர்களுக்குப் படிப்படியாகச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்று. கடலைப் பார்த்து விடுதி தேடாதீர்கள்; நீங்கள் பார்க்க விரும்பும் பழைய இடங்களைப் பார்த்துத் தேடுங்கள். கடல் இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இருக்கிறது. ஆனால் கோட்டையும் கோயிலும் ஒரு மூலை, கன்னியாவும் வெல்கம் விகாரை என்ற பழைய பௌத்தப் பள்ளியும் இன்னொரு மூலை, குன்றின் மேல் பழைய தூபி உள்ள திரியாய் வடக்கே வெகு தூரம். தங்குமிடம் தவறினால் அறையில் மிச்சம் பிடித்த காசை ஓட்டோவுக்குக் கொடுத்துத் தீர்ப்பீர்கள்.

முதலாவது: எந்த மாதம்

கிழக்குக் கரையின் பருவம் கொழும்புக்கும் காலிக்கும் நேர்மாறானது. வாடைக் காற்றோடு வரும் வடகீழ்ப் பருவமழை ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை நீளும். நவம்பரிலும் டிசம்பரிலும் கடல் கொந்தளிக்கும், புயல் எச்சரிக்கை வரும், நிலாவெளிப் படகுகள் கரையில் இழுத்துப் போடப்பட்டிருக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை கடல் குளம் மாதிரி இருக்கும். குளிப்பதற்கும், நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள புறாத்தீவுக்குப் போவதற்கும் அதுதான் காலம். அறை வாடகை ஏறுவதும் அப்போதுதான்.

பழைய இடங்களுக்காகவே வருகிறீர்கள் என்றால் நான் பெப்ரவரி, மார்ச் மாதங்களைத்தான் சொல்வேன். மழை ஓய்ந்து காடு பச்சையாக இருக்கும், வெயில் இன்னும் கொடுமையாகியிருக்காது, விடுதிக்காரர்களும் வாடகையில் இறங்கி வருவார்கள். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அடிக்கும். தெற்கும் மேற்கும் கலந்து வரும் அந்த வறண்ட சூட்டில் பகல் பதினொரு மணிக்குப் பிறகு கற்பாறையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அந்த மாதங்களில் வந்தால் காலை ஆறு முதல் பத்து வரையும், மாலை நான்குக்குப் பிறகும் மட்டுமே வெளியே திரியுங்கள்.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு: சித்திரை வருடப் பிறப்பு வாரம், பாடசாலை விடுமுறை, பௌர்ணமியோடு சேர்ந்து வரும் நீண்ட வார இறுதி. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருவார்கள், வாடகை ஏறும், கோட்டைக்குள் நடக்கவே நெருக்கடியாக இருக்கும். மகா சிவராத்திரியையும், அதையடுத்துக் கோணேசர் நகர்வலம் வரும் நாட்களையும், பங்குனியில் நடக்கும் மகோற்சவத்தையும் பார்ப்பதற்காகவே வருகிறீர்களா? அப்படியானால் தாராளமாக வாருங்கள். வாசலில் கோலமும் நிறைகுடமுமாக ஊர் அவரை வரவேற்கும் அழகு வேறெந்த நாளிலும் கிடைக்காது. நகருக்குள் அறையை மட்டும் பல வாரங்கள் முன்பே சொல்லி வையுங்கள்.

இரண்டாவது: எந்தப் பக்கம் தங்குவது

இதில்தான் நேரம் எடுத்து யோசிக்க வேண்டும். குறைந்த செலவில் கடலோரம் தங்க மூன்று பக்கங்கள் இருக்கின்றன.

நகரத்துக் கரை. பிரெட்ரிக் கோட்டை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை. அதற்குத் தெற்கே டச்சு பே, வடக்கே பேக் பே. இந்த இரண்டு கரைகளையும் ஒட்டிய தெருக்களில் பழைய வீடுகளை மாற்றிக் கட்டிய சிறிய விடுதிகள் இருக்கின்றன. புதுப் பளபளப்பை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கோட்டை வாசலுக்கு நடந்து போகலாம், பத்திரகாளி அம்மன் கோயிலும் சந்தையும் பஸ் நிலையமும் நடை தூரத்தில், இரவுச் சாப்பாட்டுக்கு ஓட்டோ தேவையில்லை. மாலையில் டச்சு பே கரையில் ஊரே வந்து உட்காரும். பிள்ளைகள் பட்டம் விடுவார்கள், வண்டில்களில் இறால் வடையும் அவித்த சோளமும் விற்பார்கள். குளிக்க இதைவிட நல்ல கரைகள் உண்டு; ஊரோடு சேர்ந்து உட்கார இதுதான் கரை.

உப்புவெளி. நகரிலிருந்து நிலாவெளி வீதியில் ஐந்தாறு கிலோமீட்டர் வடக்கே, அலஸ் தோட்டம் என்று நாங்கள் சொல்லும் பகுதியைச் சுற்றி. குறைந்த செலவு அறைகள் அதிகம் இருப்பது இங்கேதான். மூன்று நான்கு பேர் ஒரே அறையில் கட்டில் கட்டிலாகப் படுக்கும் விடுதிகளும் இருக்கின்றன. தனியே பயணம் செய்யும் இளைஞர்களுக்கு அது வசதி. கரை மணல் நல்லது, பருவத்தில் குளிக்கப் பயமில்லை. நகரத்துக்குப் பஸ் அடிக்கடி ஓடும். வெளிநாட்டவர் கூடும் இடம் என்பதால் கடலைப் பார்த்த சாப்பாட்டுக் கடைகளில் விலை கொஞ்சம் கூட. வீதிக்கு ஏறி வந்தால் ஊர்க் கடைகள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் மயானமும் இந்த வீதியிலேயே இருக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டன. கல்லறைகளுக்கிடையே நடந்து பெயர்களையும் வயதுகளையும் வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் இருபது வயதுப் பிள்ளைகள். கட்டணம் இல்லை.

நிலாவெளி. இன்னும் வடக்கே, சாம்பல்தீவுப் பாலம் தாண்டி, நகரிலிருந்து பதினான்கு கிலோமீட்டர் அளவில். கரை அகலமாகவும் அமைதியாகவும் இருக்கும். பெரிய ஹோட்டல்கள் கடலைப் பிடித்துக்கொண்டதால் மலிவான அறைகள் வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கைகளில்தான் கிடைக்கும். புறாத்தீவும் திரியாயும் உங்கள் முக்கிய நோக்கம் என்றால் இங்கே தங்கலாம். கோணேசரும் கோட்டையும் முக்கியம் என்றால் வேண்டாம்.

மூன்று இரவு இருந்தால் இரண்டை நகரத்துக் கரையிலும் ஒன்றை உப்புவெளியிலும் கழியுங்கள். முதலில் நகரம், கடைசியில் குளிப்பு. இடம் மாறுவது அலைச்சல் என்று நினைப்பவர்கள், சின்னப் பிள்ளைகளோடு வருபவர்கள், மூன்று இரவையும் உப்புவெளியில் பிரதான வீதிக்குக் கிட்டவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: அறை பிடிப்பது

இணையத்தில் பதிவு செய்யும் தளங்களில் ‘திருகோணமலை’ என்று தேடினால் குச்சவெளி வரைக்கும் உள்ள விடுதிகள் வந்து நிற்கும். பெயரையும் படத்தையும் நம்பாமல் வரைபடத்தில் அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிரதான வீதிக்குக் கடல் பக்கமா, காட்டுப் பக்கமா? தண்ணீருக்கு எத்தனை நிமிட நடை? ‘கடற்கரையில்’ என்பதற்கும் ‘கடற்கரைக்கு அருகில்’ என்பதற்கும் இடையே சில வேளை அரை மணி நேர நடை கிடக்கும்.

கடலைப் பார்த்த அறைக்கும் அதே ஒழுங்கையில் நூறு யார் தூரம் உள்ளே இருக்கும் அறைக்கும் வாடகை வித்தியாசம் பெரிது. பகல் முழுக்க வெளியே திரியப் போகிறீர்கள். படுக்கப் போகும்போது இருட்டில் கடல் தெரியாது. உள்ளே இருக்கும் அறையை எடுங்கள்.

தளத்தில் ஆளைக் கண்டுபிடித்த பின் நேரே தொலைபேசியில் கூப்பிட்டுத் தமிழில் பேசுங்கள். சிறிய விடுதிகள் பல குடும்பங்களாக நடத்துபவை. பேசினால் விலையும் இறங்கும், விஷயமும் தெளியும். கேட்க வேண்டியவை இவை:

“அண்ணா, சொன்ன காசுதானா, மேலே வரியும் சேவைக் கட்டணமும் வருமா?” பெரிய விடுதிகளில் 10 வீதம் சேவைக் கட்டணமும், அதற்கு மேல் 18 வீதம் பெறுமதி சேர் வரியும் ஏறும். 10,000 ரூபாய் என்று காட்டும் அறை கையில் வரும்போது 13,000 ரூபாயைத் தொட்டு நிற்கும். சிறிய வீட்டு விடுதிகளில் பெரும்பாலும் சொன்ன காசுதான்.

“குளிக்கிற தண்ணி நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?” கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பு. தலைக்குச் சவர்க்காரம் நுரைக்காது.

“நுளம்பு வலை இருக்கா?” இதை விடவே விடாதீர்கள். மழை முடிந்த மாதங்களில் டெங்கு பயம் உண்டு. ஏசி இல்லாத அறையில் ஜன்னலைத் திறந்துதான் படுக்க வேண்டும்.

“ஏசி போட்டா எவ்வளவு, ஃபேன் மட்டும் எண்டா எவ்வளவு?” பல இடங்களில் ஒரே அறைக்கு இரண்டு விலை. டிசம்பர் முதல் மார்ச் வரை ஃபேன் போதும். கச்சான் அடிக்கும் மாதங்களில் வயதானவர்கள் கூட இருந்தால் ஏசிக்குக் கொடுக்கும் காசை வீண் என்று நினைக்காதீர்கள்.

குடும்பமாக வருபவர்கள் மேலதிக மெத்தைக்குக் காசு உண்டா, சமையலறை பாவிக்கலாமா என்றும் கேட்கலாம். முற்பணம் கேட்டால் ஓர் இரவுக் காசுக்கு மேல் அனுப்பாதீர்கள். வந்தவுடன், மீதிக் காசைக் கொடுக்கும் முன், குழாயைத் திறந்து பாருங்கள், கதவுப் பூட்டைப் போட்டுப் பாருங்கள், கழிவறையில் தண்ணீர் போகிறதா என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் மரியாதையாகச் சொல்லுங்கள். வேறு அறை காட்டுவார்கள். உள்நாட்டவருக்கு அடையாள அட்டை, வெளிநாட்டவருக்குக் கடவுச்சீட்டு, எல்லா இடத்திலும் கேட்பார்கள்.

இந்த ஊரில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழ்கிறோம். வீட்டு விடுதி எடுத்தால் அந்த வீட்டு வழக்கத்தைக் கேட்டு நடங்கள். சைவ வீட்டில் மீன் பொரிக்க விடமாட்டார்கள், முஸ்லிம் வீட்டில் மது கொண்டுவர வேண்டாம் என்பார்கள்.

நான்காவது: வந்து சேர்வது

கொழும்பிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீட்டர். கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து இரவில் கிளம்பும் ரயிலில் ஏறினால் விடியற்காலையில் இங்கே இறங்கலாம். ஓர் இரவு அறைக் காசு மிச்சம். படுக்கை வசதிக்கு முன்பதிவு வேண்டும். மழைக் காலத்தில் பாதை பழுதாகி ரயில் நின்றுபோவதும் உண்டு, ஆகவே முதல் நாளே நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பஸ் என்றால் தம்புள்ளை, ஹபரணை வழி. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக அரச (இ.போ.ச.) பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஓடுகின்றன. நேராக வரும் பஸ் கிடைக்காவிட்டால் வவுனியாவில் மாறலாம். மட்டக்களப்பிலிருந்து வாகரை, மூதூர், கிண்ணியா வழி. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை பாதைப் படகில் வாகனத்தை ஏற்றி இறக்கிக் கடந்த இடம் அது. இப்போது அந்தப் பாலத்தில் ஏறும்போது இரு பக்கமும் விரியும் நீரைப் பாருங்கள். ஜன்னல் ஆசனம் பிடிக்க அதுவே போதுமான காரணம்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் சென்னையிலிருந்து பலாலிக்கு விமானத்தில் வந்து, யாழ்ப்பாணத்தில் ஒரு நாள் தங்கி, பஸ்ஸில் வரலாம். கொழும்பு போய்ச் சுற்றி வருவதைவிட இது பாதை குறைவு, ஊரும் கூடப் பார்க்கக் கிடைக்கும்.

ஐந்தாவது: கோட்டைக்கும் கோணேசருக்கும் ஒரு முழுக் காலை

நகரத்தில் தங்கச் சொன்னதே இதற்காகத்தான். வெளிச்சம் வரும் முன்பே எழுந்து, குளித்து, கோட்டை வாசலுக்கு நடந்து போங்கள். கட்டணம் கிடையாது.

வாசலில் நில்லுங்கள். பெரும்பாலோர் வாகனத்தில் சர்ரென்று நுழைந்துவிடுவதால் இதைப் பார்ப்பதில்லை: நிலைக் கல்லில் இரட்டைக் கயல் சின்னம் செதுக்கப்பட்டிருக்கிறது, பக்கத்தில் சிதைந்த தமிழ் எழுத்து வரிகள். குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கியர் (போர்த்துக்கீசர்) பின்னால் அழிப்பர் என்று ஊரில் வழங்கும் பாடல் அந்தக் கல்லோடு சேர்ந்தது. ஒரு கோயிலின் கல் கோட்டையின் கதவு நிலையாக நிற்கிறது. இந்த ஊரின் கதை முழுக்க அந்த ஒரு கல்லில் இருக்கிறது.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் இது. இலங்கையில் தேவாரம் பெற்ற தலங்கள் இரண்டுதான். மற்றது மன்னார்ப் பக்கம் உள்ள திருக்கேதீச்சரம். மலை முனையில் மூன்று கோயில்கள் இருந்ததாகப் போர்த்துக்கீசர் குறிப்புகள் சொல்கின்றன. 1622இல் அவர்கள் அவற்றை இடித்தார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர், 1795இல் ஆங்கிலேயர் வந்தனர், 1803இல் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் வைத்தனர். இவ்வளவையும் தெரிந்துகொண்டு உள்ளே நடந்தால் ஒவ்வொரு சுவரையும் வேறு கண்ணால் பார்ப்பீர்கள்.

உள்ளே இன்றும் இராணுவ முகாம் இருக்கிறது. வீதியை விட்டு விலகாதீர்கள், முகாம் கட்டடங்களைப் படம் எடுக்காதீர்கள். புள்ளி மான்கள் ஆலமர நிழலில் படுத்திருக்கும்; கிட்ட வரும், கையிலுள்ள பையை இழுக்கும். பொலித்தீன் பையோடு எதையும் கொடுக்க வேண்டாம். மான் அதையும் சேர்த்துத் தின்றுவிடும்.

ஏற்றம் மெதுவானது, வயதானவர்களும் நின்று நின்று ஏறலாம். முடியாதவர்களுக்கு ஓட்டோ மேலே வரும். காலைப் பூசைக்கு நிற்கக் கிடைத்தால் பாக்கியம். மூலவருக்கு இருபுறமும் உள்ள சந்நிதிகளைக் கும்பிட்ட பின், வைத்திருக்கும் பழைய விக்கிரகங்களைப் பற்றிக் கேளுங்கள். கோயிலை இடிக்க வந்தபோது அடியார்கள் மண்ணில் புதைத்துக் காத்தவை அவை. 1950இல் நகரில் கிணறு வெட்டும்போது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர் முதலான வெண்கலத் திருமேனிகள் வெளிவந்தன. முந்நூறு ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் இருந்த தெய்வங்கள். அதன் பிறகுதான் ஊர் கூடிப் புதுக்கோயில் கட்டி 1963இல் குடமுழுக்கு நடத்தியது. நீங்கள் பார்க்கும் கோபுரத்துக்கு வயது குறைவு. அந்தத் திருமேனிகளுக்கு அப்படி இல்லை.

கோயிலுக்கு வெளியே பாறை பிளந்து கடலுக்குள் இறங்குவது இராவணன் வெட்டு. விளிம்புத் தடுப்பைத் தாண்டிப் படம் எடுக்கப் போகாதீர்கள். கீழே தெரியும் நீருக்கடியில் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களும் செதுக்குக் கற்களும் கிடக்கின்றன. 1950களில் சுழியோடிகள் கண்டுபிடித்தார்கள். நீர்மூழ்கும் பயிற்சி பெற்றவர்கள் உப்புவெளியில் உள்ள சுழியோடி நிலையங்களில் கேட்டால், கடல் அமைதியான மாதங்களில் அங்கே கூட்டிப்போவார்கள். செலவு கூடத்தான். முடிந்தவர்கள் மற்ற எதையாவது குறைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள் என்பேன்.

முனையின் உச்சியில் தனியாக ஒரு கல்தூண் நிற்கும். பிரான்சினா என்ற ஒல்லாந்துப் பெண்ணின் நினைவாக 1687 என்று எழுத்து வெட்டிய தூண். காதலனைப் பிரிந்து இங்கிருந்து குதித்தாள் என்று வழிகாட்டிகள் உருக்கமாகச் சொல்வார்கள்; பின்னர் வேறொருவரை மணந்து வாழ்ந்தாள் என்பதற்குப் பதிவு இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது தூண்தான்: அதுவும் பழைய கோயிலின் தூண்.

உடை விஷயத்தில் கவனம். ஆண்களுக்கு வேட்டி அல்லது நீளக் காற்சட்டை, பெண்களுக்குச் சேலை, பாவாடை, சல்வார் எதுவும் சரி. கடற்கரை அரைக்காற்சட்டையோடு போய் வாசலில் நிற்க வேண்டாம். மதியம் நடை சாத்துவார்கள். அதற்குள் இறங்கிவிடுங்கள், பாறைச் சூடும் அப்போது தாங்காது.

அதே நாள் மாலையில் நடக்கத் தெம்பிருந்தால் நகரிலுள்ள கடற்படை வரலாற்று அருங்காட்சியகத்தைப் பாருங்கள். பழைய ஒல்லாந்துக் கட்டடம், கட்டடத்துக்காகவே போகலாம்.

ஆறாவது: கன்னியாவும் வெல்கம் விகாரையும், ஒரே ஓட்டோவில்

இரண்டும் நகருக்கு வடமேற்கே, ஒரே திசையில் இருக்கின்றன. தனித்தனியாகப் போனால் இரண்டு செலவு. காலையில் ஓர் ஓட்டோவைப் ‘போய், நிண்டு, திரும்பி வர’ என்று சேர்த்துப் பேசுங்கள். எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இறங்கும்போது வாக்குவாதம் வராது. விடுதிக்காரரிடம் முதலில் நியாயமான தொகையைக் கேட்டு வைத்தால் பேசச் சுலபம். மூன்று பேர் பங்கிட்டால் பெரிய காசு இல்லை. ஒருவராக வந்தால் அநுராதபுரம் வீதியில் போகும் பஸ்ஸில் கன்னியாச் சந்தியில் இறங்கி உள்ளே நடக்கலாம்.

கன்னியாவில் ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு சூடு. நீந்தும் இடம் இல்லை. வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்ள வேண்டும். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்யக் கண்ட ஊற்று என்பது ஊர் நம்பிக்கை. பெற்றோருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய இங்கே வரும் வழக்கம் எங்கள் மக்களிடம் வெகு காலமாக உண்டு. ஆகவே சத்தம் போட்டு விளையாடும் இடமாக நினைக்காதீர்கள். காலை ஏழு எட்டு மணிக்குப் போனால் கூட்டமில்லாமல் நிதானமாகக் குளிக்கலாம். சவர்க்காரம் போடக் கூடாது. மாற்று உடையும் துவாயும் கொண்டுபோங்கள்.

அங்கிருந்து இன்னும் உள்ளே, பெரியகுளம் பக்கம், காட்டோரமாக வெல்கம் விகாரை. பழைய தமிழ் ஆட்கள் நாதனார் கோயில் என்பார்கள். இந்த மாவட்டத்தில் நேரம் கொடுத்துப் பார்க்க வேண்டிய ஒரே ஓர் இடத்தைச் சொல் என்றால், கோணேசருக்கு அடுத்து இதைத்தான் சொல்வேன். சோழர் ஆண்ட காலத்தில் இந்தப் பௌத்தப் பள்ளிக்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். பதினோராம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இங்கே கிடைத்தன. விளக்கு எரிக்கப் பசுக்களும் காசும் கொடுத்தவர்களின் தானங்களை அவை சொல்கின்றன. தமிழ் பேசிய பௌத்தர்கள் தமிழில் கல்வெட்டு வெட்டிக் கும்பிட்ட பள்ளி, சைவச் சோழ மன்னனின் பெயரைத் தாங்கி வளர்ந்த பள்ளி. இன்று இந்த நாட்டில் மொழியையும் மதத்தையும் ஒன்றோடொன்று முடிந்து வைத்துப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவை இங்கே வந்து நிற்க வேண்டும் என்று நான் மனமார நினைக்கிறேன்.

செங்கற் சுவர்கள், கற்படிகள், நிற்கும் புத்தர் சிலை. சிலையைச் சுற்றியுள்ள கட்டடத்தின் அடித்தள வரிகளைக் குனிந்து பாருங்கள். தஞ்சைப் பக்கத்துக் கோயில்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலைப்பாடு பரிச்சயமாக இருக்கும். இன்றும் பிக்கு இருக்கும் விகாரை இது. தோளும் முழங்காலும் மூடிய உடை, செருப்பை வெளியே விடுதல், புத்தருக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காமை, இந்த மூன்றும் கட்டாயம். கடை எதுவும் பக்கத்தில் இருக்குமென்று நம்பாமல் தண்ணீர் கொண்டுபோங்கள்.

ஏழாவது: திரியாய், நேரம் இருப்பவர்களுக்கு

நகரிலிருந்து வடக்கே நாற்பது கிலோமீட்டருக்கு மேல். நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று கடலும் களப்பும் மாறி மாறி வரும் பாதை. புல்மோட்டைப் பஸ்ஸில் போகலாம். இறங்கும்போதே திரும்பும் பஸ் நேரத்தை நடத்துநரிடம் கேளுங்கள், பிந்தினால் வீதியில் நிற்க வேண்டிவரும். பஸ் விடும் இடத்திலிருந்து உட்புறமாகப் போக ஊரில் ஓட்டோ பிடிக்கலாம்.

குன்றின் மேல் வட்ட வடிவத் தூபி வீடு. தூபியைச் சுற்றி வரிசை வரிசையாகக் கற்தூண்கள். கீழே பாறையில் பல்லவ கிரந்தச் சாயலில் எழுதிய வடமொழிக் கல்வெட்டு, இரண்டு வணிகர்களின் பெயரைச் சொல்கிறது. கடல் வணிகம் செய்தவர்கள் கரையேறிக் கும்பிட்ட இடம் என்பது மேலே நின்று கிழக்கே பார்த்தால் தானாகப் புரியும். குன்றடியில் உள்ள திரியாய் கிராமத்தவர் போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்து மீண்டும் விதைத்தவர்கள். அங்கே ஒரு தேநீர் குடித்து, ஏதாவது வாங்கிவிட்டு வாருங்கள்.

காலை எட்டு மணிக்குள் படியேறத் தொடங்கினால் நல்லது. திரும்பும் வழியில் நிலாவெளியில் இறங்கிப் புறாத்தீவுக்குப் போகலாம் என்று திட்டம் போடாதீர்கள். அதற்குத் தனியாக ஒரு காலை வேண்டும். தேசியப் பூங்கா என்பதால் நுழைவுச் சீட்டு உண்டு, வெளிநாட்டவருக்கு உள்ளூரவரைவிடப் பல மடங்கு. படகுக் காசு படகுக்குத்தான், ஆளுக்கு இல்லை. கரையில் நிற்கும் வேறு ஆட்களோடு சேர்ந்து ஏறுங்கள். பவளப் பாறையில் கால் வைக்காதீர்கள்.

எட்டாவது: சாப்பாடு

விடுதியில் காலைச் சாப்பாட்டோடு அறை எடுக்க வேண்டாம். நகருக்குள் சைவக் கடைகளில் தோசையும் வடையும், வேறு கடைகளில் இடியப்பமும் சொதியும் சம்பலும், அல்லது புட்டும் மீன் குழம்பும் விடுதி விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும். மதியம் சோற்றுப் பார்சல் ஒன்று வாங்கினால் அளவாகச் சாப்பிடும் இருவருக்குப் போதும். இரவில் கொத்து, பராட்டா. மீன், கணவாய், நண்டு எல்லாம் இங்கே பச்சையாகக் கிடைப்பவை, ஆனால் கடற்கரை உணவகங்களில் எடைக்கு விலை சொல்வார்கள். சமைக்க முன் விலையைக் கேளுங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர் சட்டியில் வரும். அதைப் பாணியோடு சாப்பிடாமல் போகாதீர்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் கடைகள் மூடியிருக்கும், நோன்பு மாதத்தில் பகலிலும். பௌர்ணமி நாளில் மதுவும் இறைச்சியும் விற்கமாட்டார்கள்.

கணக்கு

விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் தொகை சொல்லாமல் பங்கு சொல்கிறேன். இருவர் மூன்று இரவு தங்க வைத்திருக்கும் காசில் பாதிக்கு மேல் அறைக்குப் போகக் கூடாது. கால் பங்கு சாப்பாட்டுக்கு. மீதிக் காலில் ஓட்டோவும் பஸ்ஸும் நுழைவுச் சீட்டும் அடங்க வேண்டும், கொஞ்சம் கையிருப்பும் வேண்டும். அடங்கவில்லையென்றால் முதலில் அறையைக் குறையுங்கள், பார்க்கும் இடத்தைக் குறைக்காதீர்கள். காசு எடுக்க நகரிலேயே வங்கி இயந்திரங்களைப் பாவித்துக்கொள்ளுங்கள். சிறு கடைகளிலும் ஓட்டோவிலும் அட்டை எடுபடாது, சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும்.

கிளம்பும் நாளில் அறையைக் காலையில் ஒப்படைத்துவிட்டுப் பையை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போகலாம். கேட்டால் மறுக்கமாட்டார்கள், மாலையில் வந்து குளித்துவிட்டுப் போகவும் பலர் விடுவார்கள். இரவு ரயிலுக்குப் போவதானால் சாப்பாட்டை நகரத்தில் முடித்து, தண்ணீர்ப் போத்தலும் ஒரு போர்வையும் கையிலெடுத்துக்கொண்டு, ரயில் கிளம்ப அரை மணி நேரம் முன்பே நிலையத்துக்குப் போய்விடுங்கள். முன்பதிவு இல்லாத பெட்டியில் முதலில் வந்தவருக்குத்தான் ஜன்னல் ஆசனம்.